சொல்லுக்குக் குலம் கேட்போர்

ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஆயரைத் தேடி வந்து குறை கூறுவோரில் இருவகையினர் உண்டு என்பதை இவ்விதழின் வாசகர் பலர் அனுபவத்தால் அறிவர். ஒருவர் கையில் ஓரம் தேய்ந்த பழைய வேதாகமம் இருக்கும். “பாடம் வாசித்த தம்பி ‘தூய ஆவியார்’ என்றாரே, ‘பரிசுத்த ஆவியானவர்’ என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?” என்று அவர் வருத்தத்தோடு கேட்பார். மற்றவர் பெரும்பாலும் இளைஞர், தமிழாசிரியராகவும் இருக்கக்கூடும். “ஞானஸ்நானம், இரட்சணியம், கிருபாதாரபலி என்று இன்னும் எத்தனை காலத்துக்கு ஐயா வடமொழியைச் சுமக்கப்போகிறோம்?” என்பது அவருடைய கேள்வி.

முன்னவர் மரபின் தூய்மைக்குக் காவலர்; பின்னவர் மொழியின் தூய்மைக்குக் காவலர். இவ்விருவரும் எதிரெதிர் முனைகளில் நிற்பதாகவே நாம் எண்ணி வந்திருக்கிறோம். கூர்ந்து நோக்கினால் இருவரும் ஒரே தளத்தில் நிற்பது புலப்படும். இருவரும் ஒரு சொல்லை ஏற்பதற்கு முன் அது எங்கே பிறந்தது, யாருடைய வழியில் வந்தது என்று விசாரிக்கின்றனர். அச்சொல் இன்று யாருடைய செவியில் விழுகிறது, அங்கே என்ன செய்கிறது என்னும் கேள்வி இருவரிடத்திலும் பின்தங்கிவிடுகிறது. இவர்களுடைய பற்றில் உள்ள நியாயத்தையும் அப்பற்றுத் தவறும் இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். குருத்துவப் பணியிலும் வகுப்பறையிலும் இவ்விரு தவறுகளையும் நாமே செய்திருக்கிறோம் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம்.

1. ஒரு செடியின் பெயரால் எழுந்த கலகம்

இது தமிழ்ச் சபைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. வட ஆப்பிரிக்காவில் ஓயா என்னும் நகரம் இருந்தது; இன்றைய லிபியாவின் திரிப்போலி அதுவே. அந்நகரத்துப் பேராயர், எரோனிமு எபிரேயத்திலிருந்து நேரே இலத்தீனில் பெயர்த்த யோனாவின் நூலைத் தம் சபையில் வாசிக்கச் செய்தார். யோனாவுக்கு நிழல் தந்த செடியைச் சபையார் தலைமுறை தலைமுறையாகச் சுரைக்கொடி என்றே கேட்டு வந்தவர்கள். புதிய மொழிபெயர்ப்பிலோ அதற்கு வேறொரு படர்கொடியின் பெயர் இருந்தது. சபையில் பெருங்குழப்பம் எழுந்தது. மக்கள் தம்மை விட்டுப் போய்விடுவார்களோ என்று அஞ்சும் நிலைக்குப் பேராயர் தள்ளப்பட்டார். இச்செய்தியை அகுஸ்தீன் 403ஆம் ஆண்டளவில் எரோனிமுவுக்கு எழுதிய மடலில் காண்கிறோம். எபிரேயச் சொல்லுக்குச் சரியான இலத்தீன் சொல் இல்லாமையால் தாம் அப்பெயரைத் தெரிந்துகொண்டதாக எரோனிமு விடை எழுதினார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டு நகைப்பது எளிது. ஒரு செடியின் பெயரில் மீட்பின் செய்தி எதுவும் அடங்கியிருக்கவில்லை. நமது வேதாகமத்தில் அது ஆமணக்குச் செடியாக இருப்பதால் நம்முடைய விசுவாசம் ஓயாவின் கிறிஸ்தவருடைய விசுவாசத்தினின்று வேறுபட்டுவிடவுமில்லை. ஆயினும் அகுஸ்தீன் நகைக்கவில்லை என்பது கருதத்தக்கது. மக்களின் நினைவில் ஊறிப்போன சொல்லை மாற்றுவதற்கு ஒரு விலை உண்டு என்பதை ஆயராகிய அவர் உணர்ந்திருந்தார். மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதை அறிஞராகிய எரோனிமு உணர்ந்திருந்தார். சபைக்கு இருவரும் தேவை.

இன்னொரு வழக்கு இதனினும் நமக்குப் பாடம் தருவது. 17ஆம் நூற்றாண்டில் புதிய ஏற்பாட்டின் கிரேக்க நடையைக் குறித்து ஐரோப்பிய இறையியலாரிடையே நெடிய வாதம் நடந்தது. தூய ஆவியானவர் ஏவிய நூல் இலக்கண வழுவோடு இருக்க இயலாது, ஆகவே அது செம்மொழிக் கிரேக்கமாகவே இருக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். 1629இல் செபாஸ்தியான் புஃபோக்கன் என்பவர் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தின் தூய்மையை நிலைநாட்ட ஒரு நூலே எழுதினார். இத்தரப்பினருக்குத் தூய்மைவாதிகள் என்னும் பெயரே வழங்கலாயிற்று. எதிர்த்தரப்பினர் அது எபிரேய வாடை வீசும் கிரேக்கம் என்றனர்.

இவ்வழக்கில் புதிய ஒளி வீசியது எகிப்தின் மணலில் கிடைத்த பழம் பாப்பிரசு ஏடுகளிலிருந்துதான். கடன் சீட்டு, வரி இரசீது, வேலை தேடிச் சென்ற கணவன் மனைவிக்கு எழுதிய கடிதம் போன்றவை அவை. புதிய ஏற்பாட்டுக்கே உரிய தனிச் சொற்கள் என்று கருதப்பட்டவற்றுள் பல அவ்வேடுகளில் சாதாரணமாக வழங்கியிருப்பதை அடால்ஃப் டைஸ்மான் 1895 முதல் வெளியிட்ட நூல்களில் எடுத்துக்காட்டினார். எபிரேய, அரமேயச் செல்வாக்கின் அளவைக் குறித்துப் பின்வந்தோர் அவருடைய முடிவுகளைத் திருத்தியுள்ளனர். எனினும் அடிப்படை உண்மை மாறவில்லை. நற்செய்தி முதலில் எழுதப்பட்டது அறிஞர் அவையின் மொழியிலன்று. சந்தையிலும் துறைமுகத்திலும் வழங்கிய பொதுமொழியிலேயாகும். தூய்மைவாதிகள் ஆவியானவருடைய பெருமையைக் காக்க எண்ணினர். ஆவியானவரோ அவர்கள் காக்க எண்ணிய பெருமையை நாடவே இல்லை.

2. ‘பழைய’ என்னும் அடைமொழி

இனித் தமிழுக்கு வருவோம். இன்று நாம் ‘பழைய திருப்புதல்’ என்று அன்போடு குறிப்பிடுவது 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதலாகும். ஹென்றி பவர் தலைமையில் திருத்தக் குழுவினர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது அது. பழையது என்று நாம் சொல்லும் இதற்கு முன்னே எத்தனை உழைப்புகள் கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்ப்பது நலம்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவருடைய தமிழையும் அவருடன் இருந்தோரின் தமிழையும் வீரமாமுனிவர் எள்ளி நகையாடினார். தேம்பாவணி பாடிய புலவருக்குத் தரங்கம்பாடியின் பேச்சுவழக்கு நடை கொச்சையாகவே பட்டது. அடுத்து பப்ரிசியு தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு மொழிபெயர்த்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. அதனைத் திருத்த ரேனியஸ் முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கி 1850இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பைத் தமிழகத்துச் சபைகள் ஏற்கவில்லை. இறுதியில் வந்த ஐக்கியத் திருப்புதலையும் லுத்தரன் சபையார் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பப்ரிசியுவின் வேதாகமத்தையே நெடுங்காலம் பற்றிக்கொண்டிருந்தனர். அவர்கள் பார்வையில் இன்றைய ‘பழைய திருப்புதல்’ புதிதாக நுழைந்த அந்நியச் சரக்கு.

கடவுளைக் குறிக்கும் சொல்லின் வரலாறே இதற்குப் போதிய சான்று. 1578இல் கொல்லத்தில் அச்சான சிறு நூலின் பெயரில் அவர் ‘தம்பிரான்’. கத்தோலிக்க மரபில் அவர் நெடுநாள் ‘சர்வேசுரன்’. பப்ரிசியுவுக்கு அவர் ‘பராபரன்’. பவர் குழுவினருக்கு ‘தேவன்’. மோனகன் முதலியோரின் உழைப்பால் 1956இல் வெளிவந்த திருத்தத்திலும், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்திலும் ‘கடவுள்’. ஒவ்வொரு சொல்லும் வந்தபோது புதுமை; நிலைத்தபின் மரபு; மாற்றப்பட்டபோது இழப்பு. ‘பராபரன்’ என்று சொல்லி முழங்காற்படியிட்ட ஒரு தலைமுறை ‘தேவன்’ என்னும் சொல்லைக் கேட்டபோது அடைந்த துயரம், ‘தேவன்’ என்று சொல்லி வளர்ந்த நாம் ‘கடவுள்’ என்று கேட்கும்போது அடையும் துயரத்தினின்று வேறானதன்று.

எனவே மரபுக் காவலர் ‘இதுவே முன்னோர் தந்தது’ என்று கூறும்போது, எந்த முன்னோர் என்று பணிவோடு கேட்கலாம். அவர் காப்பது தம் இளமைக்காலத்து வேதாகமத்தையே. அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் தம் இளமையைத் திருச்சபையின் தொடக்கம் என்று கொள்வது பிழையாகும்.

3. சாஸ்திரியாரின் நான்கு முறையீடுகள்

மரபின் தூய்மையைக் காத்தோருள் தலைசிறந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ச்சு ஐயரின் மாணவராகித் தஞ்சையில் வளர்ந்து, 1864 வரை வாழ்ந்த அப்பெரியாருக்குத் தமிழ்ச் சபை பட்டிருக்கும் கடன் பெரிது. ரேனியஸ் முதலியோர் வேதாகமத்தைத் திருத்த முற்பட்டபோது அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1820களின் இறுதியில், புதிய மிஷனரிமார் தஞ்சைச் சபைக்கு இழைத்த கொடுமைகள் என்று அவர் நான்கினை அடுக்கினார். வேதாகமத்தை மாற்றியது ஒன்று. சாதி வேற்றுமையைக் கைவிட்டு ஒன்றாகக் கலக்கக் கட்டாயப்படுத்தியது மற்றொன்று. திருமணம் முதலிய விழாக்களில் மலர் பயன்படுத்துவதைத் தடுத்தது மூன்றாவது. ஆராதனையில் தமிழ்ப் பாடலையும் இசையையும் விலக்கியது நான்காவது.

இந்நான்கையும் ஒரே மூச்சில் வாசிக்கும் இன்றைய இறையியல் மாணவன் திகைக்கவே செய்வான். மலரையும் கீர்த்தனையையும் பற்றி அவர் கூறியது முற்றிலும் சரி. மேனாட்டு இராகங்களே தூயவை, தமிழ் இசை புறமதத்தின் எச்சம் என்று எண்ணிய மிஷனரிமாரும் ஒருவகைத் தூய்மைவாதிகளே. அவர்கள் வென்றிருப்பார்களாயின் நமது ஆராதனை இன்று எத்துணை வறியதாய் இருக்கும்! பழகிய திருமறையின் சொற்களை அடிக்கடி மாற்றுவது சபையை அலைக்கழிக்கும் என்னும் அச்சத்திலும் நியாயம் உண்டு. ஆனால் இவற்றுக்கு நடுவே, இவற்றோடு சமநிறையாக, ஆலயத்திலும் சாதி வேற்றுமை காக்கப்பட வேண்டும் என்னும் முறையீடும் அமர்ந்திருக்கிறது. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை அகற்றுமாறு ஆணையிட்டபோது தஞ்சைச் சபை எவ்வளவு கொந்தளித்தது என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர்.

சாஸ்திரியாரைப் பழிக்கும் நோக்கம் நமக்கு இல்லை. அவர் காலத்தில் நாம் வாழ்ந்திருந்தால் அவரினும் மேலாக நடந்திருப்போம் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. நாம் சுட்ட விரும்புவது, தூய்மை உணர்வு தானாகவே நல்லதையும் தீயதையும் பிரித்தறியும் ஆற்றல் உடையதன்று என்பதையே. ‘முன்பிருந்தது கெடாதிருக்க வேண்டும்’ என்பது மட்டுமே அளவுகோலானால், கீர்த்தனையும் சாதியும் ஒரே பேழையில் வைத்துப் பூட்டப்படும். மரபு எது, மரபின்மேல் படிந்த அழுக்கு எது என்பதைப் பிரித்துக்காட்ட மரபுக்கு வெளியே ஓர் அளவுகோல் தேவை. அது நற்செய்தியே.

இன்னும் ஒன்று. மரபைக் காத்த அதே சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். குறவஞ்சி, கோயில்களையும் அரசவைகளையும் சார்ந்து வளர்ந்த இலக்கிய வகை. குறத்தி வந்து குறி சொல்லும் நாடகப் பாட்டு. அதனை எடுத்துக் கிறிஸ்துவின் புகழைப் பாடப் பயன்படுத்துவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அன்று ஒருவர், ‘இச்சொல் எங்கிருந்து வந்தது? இவ்வடிவம் எவ்விடத்தில் பிறந்தது?’ என்று அவரிடம் குலம் கேட்டிருந்தால் நமக்குக் குறவஞ்சி கிடைத்திராது.

4. தனித்தமிழ்ப் பற்றின் நியாயமும் எல்லையும்

மறுபக்கத்துக் காவலரை இனிக் காண்போம். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில், தமிழ் வடமொழியின் துணையின்றித் தனித்து இயங்கவல்லது என்று நிறுவினார். 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவப் பின்னணியில் வந்த தேவநேயப் பாவாணர் தம் வாழ்நாள் முழுவதையும் சொல்லாராய்ச்சிக்கே ஈந்தார். இவ்வியக்கம் வெறும் சொல் விளையாட்டன்று. ஒரு மொழி தெய்வத்தைப் பேசத் தகுதியற்றது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டதற்கு எழுந்த மறுமொழி அது. தாய்மொழியில் இறைவார்த்தையைக் கேட்பது மக்களின் உரிமை என்று போராடிய சீர்திருத்த மரபினராகிய நமக்கு இம்மறுமொழி அந்நியமானதன்று.

இதனால் சபை பெற்ற நன்மைகளும் பல. ‘யாத்திராகமம்’ என்னும் பெயர் ஒரு பயணத்தை மட்டும் நினைவூட்டியது. ‘விடுதலைப் பயணம்’ என்னும் பெயர் அந்நூலின் இறையியலையே நெற்றியில் எழுதி வைத்தது. ‘சுவிசேஷம்’ என்று கேட்டபோது புரியாத சிறுவனுக்கு ‘நற்செய்தி’ என்றால் புரிகிறது. திடப்படுத்தல் வகுப்பில் ஒருமுறை ‘கிருபாசனம்’ என்றால் என்ன என்று நாம் கேட்டபோது, ‘கிருபா என்பவருடைய நாற்காலி’ என்று ஒரு சிறுமி விடை கூறினாள். நாம் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில், பத்து ஆண்டுகள் அவள் ஆலயத்தில் உட்கார்ந்து கேட்டவற்றுள் எவ்வளவு இவ்வாறே போயிற்றோ என்று எண்ணியபோது சிரிப்பு அடங்கிற்று.

ஆனால் ஒரு சொல் தமிழ் வேரினின்று பிறந்தது என்பதனாலேயே தெளிவுடையதாகிவிடாது. ‘உபாகமம்’ நமது மக்களுக்கு விளங்கவில்லை என்பது மெய். ‘இணைச்சட்டம்’ விளக்கமின்றி விளங்குகிறதா? இரண்டுக்கும் ஆசிரியர் தேவை. இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரத்தில் எழுகிறது. ஐக்கியத் திருப்புதல் அங்கே கூறும் மூன்று, விசுவாசம், நம்பிக்கை, அன்பு. திருவிவிலியம் கூறும் மூன்று, நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ‘விசுவாசம்’ வடசொல் என்று விலக்கப்பட்டு ‘நம்பிக்கை’ அதன் இடத்தில் அமர, நம்பிக்கை இருந்த இடத்துக்கு ‘எதிர்நோக்கு’ வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ‘நம்பிக்கை’ என்னும் சொல்லை இனி வரப்போவதைப் பற்றிய உறுதி என்று கேட்டுப் பழகிய சபையில், அதே சொல் இப்போது வேறொரு பொருளைச் சுமந்து வருகிறது. விளக்காமல் வாசித்தால் கேட்பவர் ஒரு வரத்தை மற்றொன்றாகக் கொள்வர்.

அதேவேளையில் பழைய சொல்லும் அசையாமல் நிற்கவில்லை. ‘விசுவாசம்’ என்பது இன்றைய தெருவழக்கில் நாய்க்கு எசமானிடமும் தொண்டனுக்குக் கட்சியிடமும் உள்ள பற்றைக் குறிக்கிறது. பவுல் பேசியது அதுவன்று. ஆகவே ‘விசுவாசத்தைத் தொடாதே’ என்பாரும் ‘விசுவாசத்தை நீக்கு’ என்பாரும் ஒரு வேலையைத் தள்ளிப்போடுகின்றனர். அது, அச்சொல்லின் பொருளைச் சபைக்குக் கற்பிக்கும் வேலை.

சொல்லின் பிறப்பை விசாரிக்கும் முறையை முடிவுவரை கடைப்பிடிக்க எவராலும் இயலாது என்பதும் கருதத்தக்கது. ‘திருச்சபை’ என்னும் சொல்லில் பாதி தமிழ், பாதி வடமொழி. ‘ஆமென்’, ‘அல்லேலூயா’, ‘ஓசன்னா’ எபிரேயத்தினின்று வந்தவை. திருவிருந்து படைக்கப்படும் ‘மேசை’ போர்ச்சுகீசியர் தந்த சொல். மரபுக் காவலரும் தனித்தமிழ்க் காவலரும் அம்மேசையின்முன் முழங்காற்படியிடும்போது அதன் குலத்தை விசாரிப்பதில்லை. அங்கே பரிமாறப்படுவது அவ்விசாரணையைத் தேவையற்றதாக்கிவிடுகிறது.

எழுத்தைப் பற்றிய வாதமும் இதைப் போன்றதே. நியாயாதிபதிகள் நூலில் எப்பிராயீமியர் யோர்தான் துறையில் பிடிக்கப்பட்டு, ‘ஷிபோலேத்’ என்று சொல்லுமாறு பணிக்கப்படுகின்றனர். அவர்கள் நாவில் அது ‘சிபோலேத்’ என்று வருகிறது. அதனால் மடிந்தோர் 42,000 பேர் என்று அந்நூல் கூறுகிறது. கிரந்த எழுத்தை அறவே விலக்கினால் இக்கதையைத் தமிழில் சொல்லவே இயலாது. ஆயினும் இக்கதை வாசகனுக்குத் தரும் பாடம் எழுத்தைப் பற்றியதன்று. உச்சரிப்பைக் கொண்டு ‘நம்மவன் யார், அந்நியன் யார்’ என்று வகுப்பவன் ஆற்றங்கரையில் வாளோடு நிற்கிறான் என்பதே அதன் பாடம். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் அவருடைய கலிலேயப் பேச்சுத்தான். அப்பேச்சோடுதான் அவர் பின்னர் பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து பிரசங்கித்தார்.

5. இரு காவலரும் மறந்த வாசல்

இவ்விரு தரப்பினருடைய வாதத்திலும் ஒரு பெருங்கூட்டம் காணப்படவே இல்லை. தமிழகத்துச் சீர்திருத்தச் சபைகளின் உறுப்பினருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட குடிகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் அடுப்படியிலும் வயற்காட்டிலும் பேசும் தமிழ், சாஸ்திரியாரின் மணிப்பிரவாளமும் அன்று, மறைமலையடிகளின் செந்தமிழும் அன்று. ஒரு தரப்பினர் அதனைக் ‘கொச்சை’ என்பர். மறுதரப்பினர் அதனைக் ‘கலப்பு’ என்பர். இரண்டும் தீட்டுக்கு இட்ட வேறு பெயர்களே.

இதனை நமக்கு உணர்த்தியவருள் முதன்மையானவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு. ‘பறட்டை அண்ணன்’ என்று மாணவர் அழைத்த அவர், கிராமிய இசையிலும் நாட்டுப்புறப் பேச்சிலும் ஆராதனை முறையையும் பாடல்களையும் படைத்தார். கருநாடக இசையில் அமைந்த கீர்த்தனை மரபை மட்டுமே தமிழ் ஆராதனையின் இலக்கணமாகக் கொள்வதை அவர் ஏற்கவில்லை. அன்று சிலர் முகம் சுளித்தனர். ஆலயத்துக்குள் பறை ஒலிப்பதா என்று கேட்டவர்களின் உள்ளத்தில் இசைச் சுவை மட்டும்தான் பேசிற்று என்று நம்மால் சொல்ல இயலவில்லை. சுவையின் தூய்மையைப் பேசும்போது எத்தூய்மையைப் பேசுகிறோம் என்று நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ளும் கடமை உடையவர்களாய் இருக்கிறோம். ‘தீட்டு’ என்னும் கருத்தைச் சபைக்கு வெளியே தள்ளிவிட்டோம் என்று அறிக்கை செய்துவிட்டுச் சொல்லகராதியின் வழியாக அதனை மீண்டும் உள்ளே அழைத்து வருவது தகாது.

6. காவலரிடம் கற்க வேண்டியது

இவ்வளவும் கூறியபின், காவலரே வேண்டாம் என்று முடிப்போமானால் அது நன்றிகெட்ட செயலாகும். எச்சொல்லாயினும் சரி, புரிந்தால் போதும் என்பவன் மொழியைக் காதலிப்பவனல்லன், மேய்ப்பனுமல்லன். இன்று நமது பிரசங்க மேடைகளில் ‘பிளஸ்ஸிங்’, ‘டெலிவரன்ஸ்’, ‘அனாயின்டிங்’ என்று கொட்டும் பேச்சைக் கேட்கும்போது, மரபுக் காவலரும் தனித்தமிழ்க் காவலரும் ஒருங்கே வந்து நம்மைக் கண்டிக்க வேண்டும் என்றே வேண்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அச்சொற்கள் ஆங்கிலம் என்பதனாலன்று. அவை சோம்பலில் பிறந்தவை என்பதனாலும், பொருளை விளக்காமலே விளக்கிவிட்டதாக மயக்குபவை என்பதனாலும் அவை கண்டிக்கத்தக்கவை.

எழுத்தறியாத ஒருவர் நூறு சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லுவதை நாம் கேட்டிருக்கிறோம். அந்நினைவு ஒரு மொழிபெயர்ப்பின் ஓசையோடு பிணைந்தது. சொல்லை மாற்றும்போது அந்நினைவின் ஒரு பகுதியை நாம் பிடுங்குகிறோம். மரபுக் காவலர் நமக்குக் கற்பிப்பது இதுவே. ஏற்கும் முன் எடைபோடு, மக்களின் வாயில் உள்ள சொல்லை எளிதாகக் கருதாதே, உன் வாயிலிருந்து வருவதற்கு நீ பொறுப்பாளி என்பதைத் தனித்தமிழ்க் காவலர் கற்பிக்கிறார். இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆகவே ஒரு சொல்லைத் தெரிந்தெடுக்கும் ஆயருக்கும் மாணவருக்கும் மூன்று கேள்விகளை முன்வைக்கிறோம். முதலாவது, இச்சொல் மூலத்தின் பொருளைத் தாங்குகிறதா? இரண்டாவது, என் சபையின் கடைசி வரிசையில் இருப்பவர் இதனைக் கேட்டு எதை விளங்கிக்கொள்ளுகிறார்? மூன்றாவது, இதனை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அதற்குரிய விலையை யார் செலுத்துகிறார்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் அச்சொல்லின் பிறப்பிடத்தை ஆராய்வது பயனுள்ள கல்வி. அதற்கு முன்னே அதனை ஆராய்வது குலவிசாரணை.

நாம் இளம் ஆயராய் இருந்த நாட்களில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிக்கிறோம். சிற்றூர் ஒன்றில் மரணப்படுக்கையில் இருந்த மூதாட்டி ஒருவருக்கு 23ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சென்றோம். புதிய மொழிபெயர்ப்பு கையில் இருந்தது. அதன் தெளிவில் நமக்குப் பெருமையும் இருந்தது. சில வரிகள் வாசித்ததும் அவர் கண் திறந்து, “நல்லாத்தான் இருக்கு ஐயரே. ஆனா எனக்குத் தெரிஞ்சவரு பேசுற மாதிரி இல்லையே” என்றார். நாம் நூலை மூடிவிட்டு, நினைவில் இருந்த பழைய சொற்களைச் சொன்னோம். அவரும் உதடசைத்து உடன் சொன்னார்.

அடக்கத்துக்குப்பின் அவருடைய பேரன் நம்மிடம் வந்து, “பாட்டி சொன்னது எனக்குப் பாதிதான் புரிஞ்சுது ஐயா. அது என்ன பாட்டு?” என்று கேட்டான். திண்ணையில் அமர்ந்து அதே சங்கீதத்தைப் புதிய மொழிபெயர்ப்பில் அவனுக்கு வாசித்தோம். அவன் மறுபடியும் வாசிக்கச் சொன்னான்.

அன்று நாம் எச்சொல் தூயது என்று தீர்மானிக்கவில்லை. கொரிந்தியர் மடலின் அந்த மூன்று வரங்களுள் இரண்டின் பெயரை மொழிபெயர்ப்பாளர் மாற்றினர்; மூன்றாவதை எவரும் மாற்றவில்லை. பழைய நூலிலும் புதிய நூலிலும் அது ‘அன்பு’ என்றே நிற்கிறது. சொற்களைக் காக்கும் நம் பணி அதற்குக் கீழ்ப்பட்டதாக இருப்பதாக.